நாட்டுப் பெயரும் பாற்பாகுபாடும்

ஒருவரை அவர்தம் நிலத்தாற் சுட்டும் பெயரைத் தொல்காப்பியம் ‘நிலப்பெயர்’ எனக் கூறும். அருவாளன், சோழியன் என்பன சேனாவரையர் காட்டும் உதாரணங்கள். இரண்டும் ஆண்பாலாயிருத்தல் காண்க. அச்சோழியனுக்குத் தங்கையொருத்தி இருந்திருப்பின் அவளை யாங்ஙனம் அழைப்பது?

ஸ்பானிய மொழியில் இவ்விடர்ப்பாடு பெரும்பாலும் இல்லை. ஸ்பெயின் நாட்டவன் ‘எஸ்பஞோல்’, நாட்டவள் ‘எஸ்பஞோலா’. ஆங்கிலேயன் ‘இங்லேஸ்’, அவன் தங்கை ‘இங்லேசா’. பெல்ஜியத்தாரைக் குறிக்கும் ‘பெல்கா’ போன்ற சில இருபாற்கும் பொது. ஆயின், நூறு பெண்டிர் நடுவே ஆடவன் ஒருவன் நின்றாலும், அக்கூட்டத்தை ஆண்பாற் பன்மையாற் சொல்லுதலே அம்மொழியின் பழைய விதி. நம் பலர்பாலோ எப்பக்கமுஞ் சாயாதது. ‘தமிழர்’ என்புழி இருபாலாரும் அடங்குவர். ஆங்கிலத்தில் ‘இண்டியன்’ பொதுச்சொல்; ‘இங்கிலிஷ்மேன்’ என்பதற்கோ ‘இங்கிலிஷ்வுமன்’ என வேறொன்று வேண்டும்.

தமிழில் ஒருமைக்கு வந்தவுடன் தொல்லை பிறக்கின்றது. தமிழனுக்குத் தமிழச்சி உண்டு. ‘ஆங்கிலேயள்’ என்பார் யாருமிலர். ‘ஆங்கிலேய மாது’ என இருசொல்லாக்கியே எழுதுகின்றோம். வேதாகமத்தை மொழிபெயர்த்தோரும் இம்முட்டுப்பாட்டை எய்தினர். நம் சபைகளில் இன்றும் வாசிக்கப்பெறும் பழைய திருப்புதலில், வழியிற் கிடந்தவனுக்கு இரங்கியவன் ‘சமாரியன்’. கிணற்றண்டை வந்தவள் முதலிற் ‘சமாரியா நாட்டாள்’, பின்னர்ச் ‘சமாரியா ஸ்திரீ’. ரூத்தும் ‘மோவாபிய ஸ்திரீ’யே. 1611ஆம் ஆண்டின் ஆங்கிலத் திருப்புதல் ‘மோவாபைட்டஸ்’ என ஒரே சொல்லால் முடித்தது. ‘நாட்டாள்’ என்பது எத்துணை இனிய தமிழ்! அதனைப் பின்வந்தோர் கைவிட்டது ஏனோ அறியேம்.

எமது ஆட்டையாம்பட்டி வழக்கு இதனினும் சிந்திக்கத்தக்கது. அவ்வூர்க் கைமுறுக்கை வெளியூரில் விற்பவன் ‘ஆட்டையாம்பட்டிக்காரன்’, விற்பவள் ‘ஆட்டையாம்பட்டிக்காரி’. இலக்கணம் இவ்விரண்டையும் ஒரே தரத்தில் வைக்கும். செவி அங்ஙனம் வையாது. ஆடவனுக்கு மீசை நரைத்தால் அவன் ‘ஆட்டையாம்பட்டிக்காரர்’ ஆகின்றான். அவ்விகுதி பெண்ணுக்கும் உரியதே. எனினும் அவளுக்கு அதனை வழங்குவாரில்லை. ‘ஆட்டையாம்பட்டிக்காரம்மா’ என்றே அழைப்பர். ஆடவன் ஊர்ப்பெயராலேயே மதிப்புப் பெறுகின்றான். பெண்ணோ ‘அம்மா’வான பின்னரே பெறுகின்றாள்.

‘ஜப்பானியர் ஒருவர் பேசினார்’ என எழுதிப் பாருங்கள். சொல்லிற் பால் இல்லை. படிப்போர் மனத்தில் எழுவது ஆடவன் உருவமே.