‘எங்கட ஆள்’ என்றால் போதுமா? கனடாவில் குடிவரவுச் சட்டத்தரணியைத் தேடுவோருக்கு

ஸ்காபரோவில் புதிதாக வந்திறங்கிய ஒருவர் “நல்ல லோயர் ஆரும் இருக்கினமா?” என்று கேட்டால் பதில் உடனே கிடைக்கும். மச்சானின் கேஸைச் செய்தவர், கோயிலில் பழக்கமானவர், பலசரக்குக் கடைக்கு மேல்மாடியில் கந்தோர் வைத்திருப்பவர். “எங்கட ஆள்தான், எல்லாம் செய்து தருவார்” என்ற உறுதியும் கூடவே வரும். அந்த ஆள் சட்டத்தரணிதானா என்பதை மட்டும் பெரும்பாலும் எவரும் விசாரிப்பதில்லை.

காசு வாங்கிக்கொண்டு குடிவரவு ஆலோசனை சொல்லவும் விண்ணப்பதாரர் சார்பில் நிற்கவும் எவருக்கு உரிமை உண்டு என்பதைக் குடிவரவு மற்றும் அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 91ஆம் பிரிவு வரையறுத்திருக்கிறது. மாகாணச் சட்டச் சங்கத்தின் உரிமம் பெற்ற சட்டத்தரணிகளும் பராலீகல்களும், கியூபெக் நோட்டரிகளும், குடிவரவு, குடியுரிமை ஆலோசகர் கல்லூரியின் உறுப்பினர்களும்தான் அவர்கள். இந்தக் கல்லூரி பாடம் நடத்தும் இடமல்ல. ஆலோசகர்களைக் கண்காணிப்பதற்காக 2021 நவம்பரில் இயங்கத் தொடங்கிய அமைப்பு. ஒன்ராறியோவில் நோட்டரி முத்திரை மட்டும் வைத்திருப்பவர் சத்தியக் கடதாசியை உறுதிப்படுத்தலாம், ஆனால் உங்கள் கேஸை நடத்த முடியாது. ‘நோட்டரி’ என்ற பலகையைப் பார்த்துச் சட்டத்தரணி என்று நம்பிவிடுவோர் நம்மிடையே நிறையப் பேர்.

உரிமம் உள்ளவர்களுக்குள்ளும் எல்லைகள் உண்டு. ஒன்ராறியோ பராலீகல் குடிவரவு, அகதிகள் சபையின் முன் வாதாடலாம். குடிவரவுத் திணைக்களத்துக்கான சாதாரண விண்ணப்பங்களைச் செய்துதர முடியாது. ஆலோசகர் விண்ணப்பங்களைச் செய்யலாம். அந்தச் சபையின் முன் நிற்க 2023 ஜூலை முதல் அவருக்கு உயர்நிலை உரிமம் வேண்டும். கேஸ் பெடரல் நீதிமன்றத்துக்குப் போனால் உங்கள் சார்பில் சட்டத்தரணி மட்டுமே பேச முடியும். அதனால்தான் அகதிக் கோரிக்கை, குற்றப் பதிவு, முன்பு ஒருமுறை நிராகரிக்கப்பட்ட விண்ணப்பம் ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே சட்டத்தரணியிடம் கொடுப்பது நல்லது என்பேன். சிக்கலில்லாத குடியுரிமை விண்ணப்பத்துக்கும் பல ஸ்பொன்சர் விண்ணப்பங்களுக்கும் எவருமே தேவைப்படாமல் போகலாம். திணைக்களத்தின் வழிகாட்டிகள் இலவசம். பொறுமையாக வாசித்தால் வீட்டில் இருந்தே நிரப்பலாம்.

உரிமத்தைச் சரிபார்க்க ஐந்து நிமிடம் போதும். ஒன்ராறியோ சட்டச் சங்கத்தின் இணையப் பட்டியலில் பெயரைப் போட்டால் உரிமம் நடப்பில் இருக்கிறதா, ஒழுக்காற்று நடவடிக்கை ஏதும் உண்டா என்பது தெரியும். ஆலோசகர்களுக்குக் கல்லூரியின் பொதுப் பதிவேடு இருக்கிறது. இன்னொரு வழியைப் பலரும் அறிவதில்லை. பெடரல் நீதிமன்றத் தீர்ப்புகள் ‘கன்லீ’ என்ற இலவசத் தளத்தில் கிடைக்கின்றன. வாதாடிய சட்டத்தரணிகளின் பெயர்களும் அவற்றில் உண்டு. வெற்றி தோல்வியை எண்ணிப் பார்க்காதீர்கள், கடினமான கேஸ்களை எடுப்பவர் தோற்கவும் செய்வார். உங்களுடையதைப் போன்ற கேஸை அவர் கையாண்டிருக்கிறாரா என்று பாருங்கள்.

தமிழ் பேசுபவர்தான் வேண்டும் என்ற விருப்பம் எனக்கு நன்றாகவே புரிகிறது. தடுப்பு முகாமில் நடந்ததை வேற்று மொழியில் சொல்ல நாக்கு எழாது. ஆனாலும் தமிழ் தெரிந்தவர் என்பதற்காக மட்டும், அகதிச் சட்டத்தில் பழக்கமில்லாத ஒருவரிடம் போகாதீர்கள். விசாரணைக்குச் சபையே இலவசமாக மொழிபெயர்ப்பாளரைத் தருகிறது. மொழி உண்மையில் உயிரைக் காக்கும் இடம் கோரிக்கையின் அடிப்படைப் படிவம். எந்த மாதம் பிடித்தார்கள், எத்தனை நாள் வைத்திருந்தார்கள், யார் வந்து மிரட்டினார்கள் என்று நீங்கள் எழுதிய கதையும் விசாரணையில் வாயால் சொல்லும் கதையும் பொருந்தாவிட்டால் உங்கள் சொல்லின் நம்பகத்தன்மையே கேள்விக்குள்ளாகும். கையெழுத்துப் போடுவதற்கு முன் படிவம் முழுவதையும் உங்களுக்குத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். அதற்கு நேரமில்லை என்று சொல்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். எவருடைய கதையையோ பார்த்து எழுதிய படிவம் இன்னும் ஆபத்தானது.

படிவத்தில் உள்ள பொய்க்கு எழுதிக் கொடுத்தவரைவிட நீங்கள்தான் முதலில் பதில் சொல்ல வேண்டியிருக்கும். சட்டத்தின் 40ஆம் பிரிவின்படி, தவறான தகவல் தந்தவர் என்று முடிவானால் ஐந்து ஆண்டுகள் கனடாவுக்குள் நுழையத் தடை. 2023இல் இந்திய மாணவர்கள் பலர் இதில்தான் மாட்டிக்கொண்டார்கள். ஏஜென்ட் கொடுத்த கல்லூரி அனுமதிக் கடிதம் போலியானது. தங்களுக்குத் தெரியாது என்று அவர்கள் சொன்னார்கள். நாடு கடத்தப்படும் அச்சத்தில் நின்றவர்கள் அந்தப் பிள்ளைகள்.

காசு கொடுத்து ஒருவரை அமர்த்தினால் பிரதிநிதிப் படிவத்தில் அவருடைய பெயரும் உறுப்பினர் எண்ணும் இருந்தாக வேண்டும். “என் பெயரைப் போடவேண்டாம், நீங்களே செய்ததாக அனுப்புவோம்” என்பவர் உரிமமில்லாதவர் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். “பி.ஆர். நிச்சயம்” என்று வாக்குக் கொடுப்பவரையும் நம்ப வேண்டாம், தீர்மானிப்பவர் அதிகாரி. எந்த வேலைக்கு எவ்வளவு, மேன்முறையீடு அதில் அடங்குமா என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும். சட்டத்தரணிக்கு முற்பணமாகக் கொடுக்கும் காசு, வேலை முடியும் வரை அவருடைய டிரஸ்ட் கணக்கில்தான் இருக்க வேண்டும். ரசீது கேளுங்கள். அனுப்பிய ஒவ்வொரு பக்கத்தின் பிரதியும் உங்கள் வீட்டில் இருக்கட்டும்.

கையில் காசில்லாதவர் கைவிடப்பட்டவரும் அல்ல. குறைந்த வருமானமுள்ள அகதிக் கோரிக்கையாளருக்கு ஒன்ராறியோ சட்ட உதவி அமைப்பு சான்றிதழ் தருகிறது. அதை ஏற்கும் சட்டத்தரணியை நீங்களே தெரிவு செய்யலாம். தென்னாசியர்களுக்கென்றே ரொறன்ரோவில் ஒரு சட்ட உதவி மையம் இயங்குகிறது. சட்டச் சங்கத்தின் பரிந்துரைச் சேவை மூலம் சட்டத்தரணி ஒருவருடன் 30 நிமிடம் வரை இலவசமாகப் பேசலாம்.

நிராகரிப்புக் கடிதம் வந்தால் அன்றைக்கே தொலைபேசியை எடுங்கள். கனடாவுக்குள் எடுக்கப்பட்ட முடிவை எதிர்த்துப் பெடரல் நீதிமன்றத்தை நாட 15 நாட்களே உண்டு. வெளிநாட்டில் எடுக்கப்பட்டதென்றால் 60. அகதிகள் மேன்முறையீட்டுப் பிரிவுக்கும் அறிவித்தல் கொடுக்க 15 நாட்கள்தான். கடிதம் வந்த உறையையும் எறியாமல் எடுத்துக்கொண்டு போங்கள்.