தாது வருஷத்துப் பட்டறை

திருவண்ணாமலை என்றதும் தீபத்தையும் கிரிவலத்தையும் நினைத்துக்கொண்டவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். இது ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் இருக்கிற திருவண்ணாமலை. குன்றின் மேல் சீனிவாசப் பெருமாள். புரட்டாசி சனிக்கிழமை என்றால் படியில் கால் வைக்க இடம் இருக்காது. மற்ற நாள்களில் கூட்டமெல்லாம் கீழே, ரோட்டோரம்தான். வெளிச்சம் வருமுன் தூக்குவாளியும் கையுமாக வேனுக்குக் காத்து நிற்கும் இளவட்டங்கள். சிலருக்கு ராஜபாளையத்து மில். சிலருக்கு சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி. மிச்சம் பேருக்கு சிவகாசிப் பக்கத்துத் தீப்பெட்டி ஆபீஸ். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த சூட்டோடு வேன் ஏறியவர்கள் அதிகம். முடிக்காமலே ஏறியவர்களும் உண்டு.

இவர்களைப் பற்றி நான் எழுதிய போன வாரக் கட்டுரையைப் படித்துவிட்டு ஒரு சபைப் பெரியவர் கேட்டார்: “நாங்க சின்ன சபை தம்பி. இந்தப் பிள்ளைகளுக்கு எங்களால என்ன செஞ்சிட முடியும்?”

அவருக்குப் பதிலாகத் திருநெல்வேலி ஜில்லாவில் இருந்த நாசரேத் என்ற ஊரைச் சொல்லலாம் என்று தோன்றுகிறது. அன்று ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகாவும் திருநெல்வேலி ஜில்லாதான். 1910இல்தான் ராமநாதபுரத்தோடு சேர்ந்தது. ஆகவே இது வெளியூர்க் கதை அல்ல.

1876இல் மிஷனரி மர்காஷிஸ் ஐயர் நாசரேத்துக்கு வந்தபோது தாது வருஷப் பஞ்சம் தொடங்கிவிட்டது. மழை பொய்த்தது, தானியம் விலை ஏறியது, காலராவும் கூட வந்தது. அப்பனும் ஆத்தாளும் போய்ச் சேர்ந்த பிள்ளைகள் மிஷன் வாசலில் வந்து நின்றார்கள். கஞ்சி ஊற்றப் பல இடங்களில் ஆள் இருந்தது. கஞ்சித் தொட்டியை எடுத்த பிறகு இந்தப் பையன் என்ன செய்வான் என்ற கேள்விக்குத்தான் பதில் சொல்ல ஆளில்லை. 1878இல் அங்கே ஒரு தொழிற்பள்ளி எழுந்தது. தச்சு, கொல்லு, நெசவு, தையல் என்று பிள்ளைகள் பட்டறையில் உட்கார்ந்தார்கள். காணி நிலம் இல்லாதவன் கையில் இழைப்புளி வந்தது. பஞ்சம் போய் ஒன்றரை நூற்றாண்டு ஆகப்போகிறது. அந்தப் பள்ளி தொழிற்பயிற்சி நிலையமாக இன்றும் இருக்கிறது.

‘அரிசிக் கிறிஸ்தவர்’ என்ற ஏச்சு அந்தக் காலத்துச் சரக்கு. பசிக்காக வந்தவர்கள் இருந்தார்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் அரிசிக்கு வந்தவனை அரிசியோடு நிறுத்திவிடாமல், உளி பிடிக்கக் கற்றுக்கொடுத்ததை அந்த ஏச்சு கணக்கில் வைப்பதில்லை.

நாசரேத் பள்ளிக்கு அரை நூற்றாண்டு முன்பே நாகர்கோவிலில் மிஷனரி மார்த்தா மால்ட் அம்மையார் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்திருந்தார். திருவிதாங்கூரில் அடிமை முறை இருந்த காலம். பின்னிய லேஸை விற்ற காசில் தங்களை மீட்டுக்கொண்ட பெண்கள் உண்டு. ஊசியும் நூலும் செய்த வேலை அது.

இனி இந்தப் பக்கத்துக்கு வருவோம். சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: ஆபத்தான வேலைக்குக் குழந்தையை வைத்த முதலாளி, ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும். பட்டாசு, தீப்பெட்டி வேலைக்கு 18 வயது ஆக வேண்டும் என்பது 2016 திருத்தத்துக்குப் பிறகு சட்டம். சின்னப் பிள்ளைகளைக் கேட்க இப்போது ஆள் உண்டு. பதினெட்டைத் தாண்டிய மறுநாள் வேன் ஏறுகிறவனைக் கேட்கத்தான் யாருமில்லை. சபை நிற்க வேண்டிய இடம் அதுதான் என்பேன்.

பணம் அப்புறம். முதலில் காகிதம். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, கிறிஸ்தவரான ஆதிதிராவிடருக்குப் பட்டியல் சாதி அந்தஸ்து கிடையாது. சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் கதவு திறந்தது; கிறிஸ்தவருக்கு இன்றும் திறக்கவில்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். ஆனாலும் மதம் மாறிய ஆதிதிராவிடக் கிறிஸ்தவ மாணவருக்கு மாநில அரசின் கல்வி உதவித்தொகை உண்டு. இது தெரியாமலே கடன் வாங்கி ஃபீஸ் கட்டுகிற அப்பன்மார் இருக்கிறார்கள். அரசுப் பள்ளியில் படித்துவிட்டு மேலே படிக்கிற பெண்ணுக்குப் புதுமைப் பெண், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன், மாதம் ஆயிரம் ரூபாய். ஐ.டி.ஐ.யில் சேர்ந்தாலும் உண்டு. உதவித்தொகைக்கு வருமானச் சான்று, சாதிச் சான்று; எல்லாவற்றுக்கும் வங்கிக் கணக்கு, ஆதார் இணைப்பு. ஒரு கையெழுத்துக்கு மூன்று நாள் கூலியை விட்டுவிட்டுத் தாலுகா ஆபீஸ் வாசலில் எந்தத் தகப்பன் நிற்பான்? நாலாம் நாள் பிள்ளையை வேனில் ஏற்றிவிடுகிறான்.

சபையில் ரிட்டயரான வாத்தியார் இருப்பார், தாலுகா ஆபீசில் வேலை பார்த்தவர் இருப்பார். என் பாட்டி உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி அள்ளித் தனிப் பானையில் போடுவாள், அது காணிக்கை. அந்தப் பிடி அரிசிதான் எத்தனையோ போர்டிங் பிள்ளைகளுக்குச் சோறு. இப்போது சபையிடம் கேட்பது அரிசிகூட இல்லை, இந்தக் காகிதங்களை முடித்துக்கொடுக்க இரண்டு சனிக்கிழமைகள்.

பெரியவருக்கு ஒரு வேண்டுகோள். அறுப்பின் பண்டிகை ஏலக் கணக்கு எழுதுகிற அந்த நோட்டில் இந்த மே மாதம் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பத்தும் பன்னிரண்டும் எழுதிய பிள்ளைகளின் பெயர், மார்க், சேர்ந்த இடம் மூன்றையும் எழுதுங்கள். சபைப் பிள்ளைகள் பெயர் மட்டும் போதாது, தெருவில் உள்ள எல்லாப் பிள்ளைகள் பெயரும் வேண்டும். சேர்ந்த இடம் என்ற கட்டம் யாருக்குக் காலியாக இருக்கிறதோ, அந்த வீட்டுக்கு ஜூன் பிறக்குமுன் போய் வாருங்கள்.