முள்ளுக்கு எத்தனை வோல்ட் வேணும்?

1955 மாடல் ஃபோர்டு கார் ஒண்ணு உங்க கைக்கு வந்திருக்குன்னு வெச்சுக்கோங்க. அதுல பேட்டரி 6 வோல்ட். பாடியில எர்த் ஆகியிருக்கிறது பாசிட்டிவ். ஹெட்லைட் மங்கலா எரியும், ஸ்டார்ட்டர் மெதுவா சுத்தும். அதனால இந்த வயசு கார் வெச்சிருக்கிறவங்க நிறைய பேர் 12 வோல்ட் பேட்டரி, ஆல்டர்னேட்டர், நெகட்டிவ் எர்த்னு மாத்திடுறாங்க. பல்பை மாத்திடலாம். ஆனா டேஷ்போர்டுல இருக்கிற ஒரிஜினல் மீட்டர்களை என்ன பண்றது? கருகிப்போனா அதே மாதிரி இன்னொண்ணு தேடிப் பிடிக்கிறது கஷ்டம்.

முதல்ல அந்த பெட்ரோல் மீட்டருக்குள்ள என்ன இருக்குன்னு பார்ப்போம். ஒரு பைமெட்டல் பட்டை, அதைச் சுத்தி ஹீட்டர் கம்பி. கரண்ட் போனா பட்டை சூடாகி வளையும், முள் நகரும். அதாவது முள் காட்டுறது உண்மையில சூட்டைத்தான். எர்த் மாறினாலும் இதுக்குக் கவலையில்லை, சூடு ஒண்ணுதான். ஆனா வோல்டேஜ் இரண்டு மடங்கானா சூடு நாலு மடங்கு. ஃபர்ஸ்ட் இயர்ல படிச்ச V²/R தான்.

"ஒரு ரெசிஸ்டரை சீரிஸ்ல போட்டா முடிஞ்சது"ன்னு தோணும். கணக்குப் போட்டுப் பாருங்க. மீட்டர் 12 ஓம்னு எடுத்துப்போம். டேங்க்ல இருக்கிற சென்டர், டேங்க் நிறைஞ்சா 10 ஓம், காலியானா 73 ஓம். 6 வோல்ட்ல நிறைஞ்ச டேங்குக்கு 0.27 ஆம்பியர், காலி டேங்குக்கு 0.07 ஆம்பியர் போகும். 12 வோல்ட்ல அதே 0.27 வரணும்னா 22 ஓம் சேர்க்கணும். நிறைஞ்ச டேங்க் சரியா காட்டும். காலி டேங்குக்கோ 0.11 ஆம்பியர் போகும். டேங்க் காலி, ஆனா முள் "இன்னும் இருக்கு"ன்னு சொல்லும். அதை நம்பிக் கிளம்பினா பாதி வழியில காரைத் தள்ள வேண்டியதுதான்.

அப்போ மாத்த வேண்டியது ரெசிஸ்டன்ஸை இல்லை, மீட்டருக்குப் போற வோல்டேஜை. 1956-ல ஃபோர்டு கம்பெனியே 12 வோல்டுக்கு மாறினப்போ இதைத்தான் செஞ்சாங்க. மீட்டர்களுக்கு முன்னாடி ஒரு சின்ன ரெகுலேட்டர். அதுக்குள்ளயும் பைமெட்டல்தான்: சூடானா கான்டாக்ட் திறக்கும், ஆறினா மூடும். இப்படி விட்டு விட்டு 12 வோல்ட் போறதால சராசரியா 5 வோல்ட் கிடைக்கும். மீட்டர் மெதுவா சூடாகிற ஜாதி, அதனால முள் ஆடாது. நாம லேப்ல பண்ற பிடபிள்யூஎம்மோட தாத்தா!

இன்னைக்கு 7806 மாதிரி ஒரு ஐசி போதும். ஆனா வண்டி ஓடும்போது ஆல்டர்னேட்டர் 14 வோல்ட் தரும். மீட்டர்களுக்கு அரை ஆம்பியர் போனாலே, (14−6) × 0.5 = 4 வாட் ஐசியில சூடாகும். ஹீட் சிங்க் கட்டாயம், இல்லைன்னா பக் கன்வர்ட்டர் போடுங்க. ஹீட்டர், வைப்பர்னு வேற எதையும் அந்த லைன்ல இழுக்காதீங்க. பவர் கொடுக்கிறதுக்கு முன்னாடி மல்டிமீட்டர்ல சென்டர் ஓம்ஸையும் டேங்க் எர்த்தையும் பாருங்க. துருவும் பெயின்ட்டும் சேர்ந்து எர்த்தைக் கெடுத்திருந்தா, நீங்க என்ன ரெகுலேட்டர் போட்டாலும் முள் பொய்தான் சொல்லும்.

சில பழைய கார்கள்ல ஆம்மீட்டரும் இருக்கும். அதுக்கு 6-ஓ 12-ஓ ஒண்ணுதான், அது பார்க்கிறது கரண்டை மட்டும். எர்த் மாறினா முள் தலைகீழா காட்டும், ரெண்டு ஒயரை மாத்திப் போட்டா சரி. உண்மையான ஆபத்து வேற. 30 ஆம்பியருக்குச் செஞ்ச மீட்டர் வழியா 60 ஆம்பியர் ஆல்டர்னேட்டரோட மொத்த கரண்டும் போனா, டேஷ்போர்டுக்குப் பின்னாடி தீ பிடிக்கலாம். ஆல்டர்னேட்டர் ஒயரை ஃப்யூஸ் வெச்சு நேரா பேட்டரிக்குக் கொண்டு போயிடுங்க, இல்லைன்னா மீட்டருக்கு ஷன்ட் போடுங்க.

கேபிள்ல ஓடுற ஸ்பீடோமீட்டரைத் தொடவே வேண்டாம், அதுக்கு கரண்டே தேவையில்லை.

சர்க்யூட் வரையறதுக்கு முன்னாடி ஒவ்வொரு மீட்டர்கிட்டயும் ஒரே கேள்வி கேளுங்க: நீ உண்மையில அளக்கிறது எதை? சூடா, கரண்டா, சுத்துற வேகமா? அந்த பதில் கிடைச்சா எங்க கை வைக்கணும், எங்க வைக்கக்கூடாதுன்னு தானா தெரிஞ்சிடும்.