பழைய லாரி வாங்குவோர் எஞ்ஜினுக்கு முன் பார்க்க வேண்டியது பதிவுச் சான்று

தில்லியின் வடக்கே, கர்னால் சாலையை ஒட்டி அமைந்துள்ளது சஞ்சய் காந்தி டிரான்ஸ்போர்ட் நகர். வரிசை வரிசையாக நிற்கும் சரக்கு லாரிகள், அவற்றை நம்பிப் பிழைக்கும் பட்டறைகள், டயர் கடைகள், சரக்கு முகவர் அலுவலகங்கள் எனத் தலைநகரின் சரக்குப் போக்குவரத்துக்கு இது ஒரு முக்கிய மையம். இத்தகைய இடங்களில்தான் பழைய லாரிகளும் கைமாறுகின்றன.

நாட்டில் ஓடும் லாரிகளில் பெரும்பகுதி, ஐந்து வண்டிகளுக்கு மேல் இல்லாத சிறு உரிமையாளர்களுக்குச் சொந்தமானவை. பல ஆண்டுகள் ஓட்டுநராக உழைத்துச் சேர்த்த பணத்துடன் கடனும் வாங்கி, முதல் வண்டியைச் சொந்தமாக்கிக் கொள்பவர்கள் இவர்களில் ஏராளம். புதிய லாரியின் விலை எட்டாத உயரத்தில் இருப்பதால், பழைய வண்டியே அவர்களுக்குக் கைகொடுக்கிறது. அந்தத் தேர்வு தவறினால், வண்டியுடன் வாழ்நாள் சேமிப்பும் போய்விடும்.

முன்பெல்லாம் எஞ்ஜினும் டயரும் நன்றாக இருந்தால் போதும் என்று கருதப்பட்டது. இப்போது ஒரு லாரி இன்னும் எத்தனை ஆண்டுகள் ஓடும் என்பதை அதன் எஞ்ஜின் மட்டும் தீர்மானிப்பதில்லை; புகை விதிகளும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

புகை விதிகளின் பிடி: பத்து ஆண்டுகளைக் கடந்த டீசல் வாகனங்கள் தில்லியிலும் தேசியத் தலைநகர் வட்டாரத்திலும் ஓடக் கூடாது என்று 2015 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. வயதை மட்டும் காரணம் காட்டி நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் கூறியது. எனினும், இந்தப் பாதுகாப்பு பிஎஸ்-4 மற்றும் அதற்கு மேற்பட்ட தர வாகனங்களுக்கு மட்டுமே என்று அதே ஆண்டு டிசம்பரில் திருத்தியது.

தில்லியில் பதிவு செய்யப்படாத பிஎஸ்-3 மற்றும் அதற்குக் கீழான சரக்கு வாகனங்கள் தலைநகருக்குள் நுழைவதற்கு 2025 நவம்பர் 1 முதல் காற்றுத் தர மேலாண்மை ஆணையம் தடை விதித்தது. பிஎஸ்-4 வாகனங்களுக்கு 2026 அக்டோபர் 31 வரை மட்டுமே அவகாசம் தரப்பட்டது. நாமக்கல்லிலிருந்தும் சங்ககிரியிலிருந்தும் சரக்கு ஏற்றி வரும் லாரிகளுக்கும் இது பொருந்தும்.

ஆகவே வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது, பதிவுச் சான்றில் உள்ள புகைத் தரத்தை. பிஎஸ்-3 வாகனங்களின் விற்பனைக்கு 2017 ஏப்ரல் 1 முதல் தடை விதித்து, அதற்குச் சில நாள்களுக்கு முன்புதான் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்தக் கடைசி நாள்களில் பெரும் தள்ளுபடியில் வண்டிகள் விற்றுத் தள்ளப்பட்டன. இதனால் 2017 மார்ச்சில் பதிவான லாரியும் மே மாதம் பதிவான லாரியும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கலாம். ஆனால் முன்னது தில்லி எல்லையிலேயே நிறுத்தப்படும். பிஎஸ்-6 தரம் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது 2020 ஏப்ரல் 1-இல்.

ஆவணச் சோதனை: மத்திய அரசின் 'வாகன்' இணையதளத்தில் பதிவெண்ணைக் கொடுத்தால் தகுதிச் சான்று, காப்பீடு, வரி ஆகியவை எந்தத் தேதி வரை செல்லும் என்பதையும், வண்டி மீது கடன் உள்ளதா என்பதையும் அறியலாம். கடன் பதிவு இருந்தால், நிதி நிறுவனத்தின் தடையின்மைச் சான்றும் படிவம் 35-ம் இல்லாமல் முன்பணம் தரக் கூடாது. விற்றவர் தவணை கட்டத் தவறினால், வாங்கியவரின் வாசலில் இருந்தே வண்டி பறிமுதல் ஆகலாம். நிலுவையில் உள்ள மின்னணு அபராதங்களையும், வண்டி திருட்டு வழக்கில் சிக்கியதா என்பதைத் தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் பதிவுகளிலும் சரிபார்க்க வேண்டும்.

வெளி மாநிலத்துக்கு லாரி ஓட்ட விரும்புவோர் வயதையும் கணக்கிட வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, 12 ஆண்டுகளைக் கடந்த சரக்கு வாகனத்துக்குத் தேசிய உரிமம் கிடையாது. பல அச்சு வாகனங்களுக்கு இந்த வரம்பு 15 ஆண்டுகள்.

இரும்பைப் பார்க்கும் முறை: ஆவணங்கள் சரியாக இருந்தால் மட்டுமே வண்டியைப் பார்க்கச் செல்வதில் பொருள் உண்டு. நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரை உடன் அழைத்துச் செல்வது நல்லது. சேஸிஸில் பொறிக்கப்பட்ட எண் பதிவுச் சான்றுடன் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். எண்ணைச் சுற்றித் தேய்த்த தடமோ புதுப் பெயிண்டோ இருந்தால் விலகி விடுவதே மேல். சேஸிஸ் சட்டத்தில் வெல்டிங் ஒட்டுகள், பட்டைகள் தாங்கும் இடங்களில் விரிசல், நிறுவனம் கொடுத்ததற்கு மேல் சேர்க்கப்பட்ட பட்டைகள் ஆகியவை அளவுக்கு மீறிப் பாரம் சுமந்த வண்டியைக் காட்டிக் கொடுக்கும்.

எஞ்ஜின் குளிர்ந்த நிலையில் இருக்கும்போதே இயக்கிப் பார்க்க வேண்டும். விற்பவர் முன்கூட்டியே சூடேற்றி வைத்திருந்தால், ஏன் என்று கேட்கலாம். நீலப் புகை ஆயில் எரிவதன் அடையாளம். எஞ்ஜின் சூடான பிறகும் வெண்புகை நிற்காமல் வந்தால், ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே கசிகிறது என ஐயப்படலாம். கரும்புகை இன்ஜெக்டர் அல்லது காற்று வடிகட்டியின் கோளாறைச் சொல்லும். பிரேக்குக்கான காற்றழுத்தம் நிரம்பியதும் எஞ்ஜினை நிறுத்திவிட்டு மானியைக் கவனிக்க வேண்டும். முள் வேகமாக இறங்கினால் எங்கோ கசிவு உள்ளது. டயரின் பக்கவாட்டில் உள்ள கடைசி நான்கு இலக்கங்கள் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் குறிக்கும்.

பிஎஸ்-6 லாரிகளில் கூடுதல் கவனம் தேவை. புகையைச் சுத்திகரிக்க அவற்றில் யூரியா கரைசல் பயன்படுகிறது. அந்தச் செலவை மிச்சப்படுத்தச் சிலர் அந்த அமைப்பையே செயலிழக்கச் செய்துவிடுகின்றனர். அதைச் சீர் செய்யும் செலவு வாங்கியவர் தலையில்தான் விழும். எனவே கணினிச் சோதனையில் பதிவாகியுள்ள கோளாறுகளைப் பார்க்காமல் விலை பேசக் கூடாது.

பெயர் மாற்றம் முக்கியம்: பணம் கைமாறியதும் கடமை முடிந்துவிட்டதாக இருவருமே எண்ணுவது உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆவது பிரிவின்படி, வாங்கியவர் 30 நாள்களுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். பல கைகள் மாறியும் பதிவு மாறாத ஒரு வாகனம் விபத்துக்குள்ளான வழக்கில், பதிவேட்டில் பெயர் உள்ளவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பழைய வாகன விற்பனையாளர்கள் பதிவு பெற வேண்டும் என்ற விதியை 2022 டிசம்பரில் மத்திய அரசு வெளியிட்டதும் இத்தகைய சிக்கல்களை மனதில் கொண்டுதான்.

தலைநகரின் காற்று தூய்மை பெற வேண்டும் என்பதில் யாருக்கும் மாறுபாடு இல்லை. ஆனால் பெரிய நிறுவனங்கள் தங்கள் பழைய லாரிகளைக் குறித்த காலத்தில் விற்றுவிட்டுப் புதியவற்றுக்கு மாறிவிடுகின்றன. விதிகள் இறுகும்போது அந்த வண்டிகளுடன் கடைசியாக நிற்பவர் கடன் வாங்கிய சிறு உரிமையாளரே. அவருக்கு அரசு மாற்று வழி காட்டும் வரை, கையெழுத்திடும் முன் பதிவுச் சான்றைப் பொறுமையாகப் படிப்பது ஒன்றே அவருக்குள்ள பாதுகாப்பு.