கோலுக்கு அடுத்த நிமிடம்

ஜீக்சன் சிங் கோல் போடுகிற ஆட்டக்காரர் இல்லை. டிஃபென்சுக்கு முன்னால் நின்றுகொண்டு, எதிரணியின் பாஸை நடுவில் புகுந்து மறித்து, பக்கத்தில் இருப்பவனிடம் சிக்கலில்லாமல் பந்தைத் தள்ளிவிட்டு, மறுபடியும் தன் இடத்துக்கு ஓடுவதுதான் அவர் வேலை. நானும் இளவயதில் பெங்களூரு ஆஸ்டின் டவுனில் அந்த ஹாஃப் இடத்தில்தான் ஆடினேன். மேட்ச் பார்க்க வந்த சித்தப்பாவே, "உன்னை எறக்குனாங்களாடா இல்லையாடா?" என்று கேட்டிருக்கிறார். தொண்ணூறு நிமிடமும் களத்தில்தான் இருந்திருப்பேன். அப்படி யார் கண்ணிலும் படாத இடத்தில் ஆடுகிற ஒரு பையனை, பதினாறு வயதில், ஒரே ஒரு ஹெட்டர் நாடு முழுக்கத் தெரிந்த முகமாக்கியது. அந்த முகத்தைச் சுமந்துகொண்டு அவர் எப்படி முழு ஆட்டக்காரர் ஆனார் என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

2017 அக்டோபர் 9. டில்லி ஜவாஹர்லால் நேரு ஸ்டேடியம். 17 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பையை நாமே நடத்தினோம். போட்டியை நடத்துகிற நாடு என்பதால் தகுதிச் சுற்று இல்லாமல் இடம் கிடைத்திருந்தது. முதல் ஆட்டத்தில் அமெரிக்கா 3-0 என்று நம்மை வென்றிருந்தது. இரண்டாவது ஆட்டம் கொலம்பியாவுடன். முதல் பாதி முடிகிற நேரத்தில் திருச்சூர் பையன் ராகுல் அடித்த பந்து போஸ்டில் பட்டுத் திரும்பியது. இடைவேளை முடிந்த கையோடு கொலம்பியாவின் பெனலோசா ஒரு கோல் போட்டார். அதற்குப் பிறகும் நம் பையன்கள் தளரவில்லை. 82-வது நிமிடத்தில் ஒரு கார்னர் கிடைத்தது. எங்கள் பெங்களூருக்காரர் சஞ்சீவ் ஸ்டாலின் இடது காலால் வளைத்து அனுப்ப, ஆறடிக்கு மேல் உயரமுள்ள ஜீக்சன் எல்லோருக்கும் மேலே எழும்பி முட்டினார். ஃபிஃபா உலகக் கோப்பை எதிலும் இந்தியா போட்ட முதல் கோல் அதுதான். 40,000 பேருக்கு மேல் கூடியிருந்த ஸ்டேடியம் எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

அடுத்த நிமிடமே பெனலோசா இன்னொரு கோல் போட்டார். 2-1. ஆட்டம் போனது.

டிவியில் ஜீக்சனின் கோலை எத்தனையோ முறை காட்டுகிறார்கள். இந்த இரண்டாவது கோலைக் காட்டுவதில்லை. எனக்கோ அதுதான் முக்கியம். கோல் போட்ட மகிழ்ச்சி அடங்குவதற்குள், நம் பையன்கள் அவரவர் இடத்துக்கு மூச்சு வாங்கி வந்து சேர்வதற்குள், கொலம்பியா பந்தை முன்னே கொண்டுவந்துவிட்டது. அந்த வயதில் கொலம்பியப் பையன்களும் சிறுவர்கள்தான். ஆனால் ஒரு கோல் வாங்கிய மறுகணம் என்ன செய்ய வேண்டும் என்பது அவர்கள் உடம்பில் ஊறியிருந்தது. நிறைய போட்டி ஆட்டங்கள் ஆடினால்தான் அது ஊறும். முகாமில் வருடக்கணக்காகப் பயிற்சி எடுத்தாலும் வராது. இந்தியாவில் ஒரு இளம் ஆட்டக்காரரின் முதல் ஐந்து வருடக் கதையை எடுத்துப் பார்த்தால், ஆடுவதற்கு மேட்ச் எங்கே கிடைக்கும் என்று அலைந்த கதையாகத்தான் இருக்கும்.

ஜீக்சன் மணிப்பூரில் தௌபால் மாவட்டத்துப் பையன். அந்த உலகக் கோப்பை அணியில் இருந்த 21 பேரில் எட்டுப் பேர் மணிப்பூர்க்காரர்கள். 2011 கணக்கெடுப்பின்படி முப்பது லட்சம் பேர்கூட இல்லாத மாநிலம் அது. ஜீக்சனின் அப்பா மணிப்பூர் போலீசில் இருந்தார், அவரும் பந்தாடியவர். மகனுக்கு முதல் பாடம் அவரிடம்தான். பத்து, பதினோரு வயதில் பையனைச் சண்டிகர் கால்பந்து அகாடமிக்கு அனுப்பினார்கள். சாப்பாடு, தங்குமிடம், பள்ளிக்கூடம் எல்லாம் அங்கேயே. 2015-இல் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வேலைக்குப் போக முடியாமல் ஆனது. அம்மா இம்பாலில், பெண்களே கடை வைத்து நடத்துகிற அந்தப் பெரிய சந்தையில் காய்கறி விற்றார். வீட்டிலிருந்து சந்தைக்கு 25 கிலோமீட்டர் இருக்கும். அணியின் கேப்டன் அமர்ஜித் சிங் கியாமும் தௌபால்தான், ஜீக்சனுக்குச் சொந்தக்காரர். அவருடைய அம்மா இம்பாலில் மீன் விற்றவர்.

வறுமையைச் சொல்லி உருக்குவது பத்திரிகைகளுக்குப் பிடித்தமான வேலை; உலகக் கோப்பை நடந்த அந்த ஒரு மாதம் முழுக்க அதுதான் நடந்தது. அதைவிட எனக்குச் சுவாரசியமாகப் படுவது, ஜீக்சனை முதலில் அந்த அணியில் சேர்க்கவில்லை என்பது. ஜெர்மனியிலிருந்து வந்த நிக்கோலாய் ஆடம் பயிற்சியாளராக இருந்த காலத்தில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. சண்டிகரிலிருந்து மினர்வா அகாடமிக்குப் போய், அங்கே வயதுப்பிரிவு லீக்குகளில் ஆடிக்கொண்டிருந்தார். ஒரு நட்பு ஆட்டத்தில் மினர்வா பையன்கள் உலகக் கோப்பைக்குத் தயாராகிக்கொண்டிருந்த இந்திய அணியையே தோற்கடித்தார்கள். பெரும் செலவில் நாடு நாடாகக் கூட்டிப்போய்த் தயார் செய்த அணி அது. 2017 தொடக்கத்தில் ஆடம் போய், போர்ச்சுகல்காரர் லூயிஸ் நார்டன் டி மாட்டோஸ் வந்தார். மினர்வா பையன்கள் சிலருக்குக் கதவு திறந்தது; அதில் ஜீக்சனும் ஒருவர். ஒரு வருடம் முன்னதாக உலகக் கோப்பை நடந்திருந்தால் அந்த கார்னருக்கு வேறு யாராவதுதான் எழும்பியிருக்க வேண்டும்.

மூன்றாவது ஆட்டத்தில் கானாவிடம் 4-0 என்று தோற்று இந்தியா வெளியேறியது. அதற்குப் பிறகு இந்தப் பையன்களை என்ன செய்வது? இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) கிளப்புகள் பணம் போட்டு நடத்துகிறவை. பதினேழு வயதுப் பையனை இறக்கி மேட்சைத் தோற்க எந்தக் கோச்சும் துணியமாட்டார். அதிலும் அப்போது ஒரு அணியில் ஐந்து வெளிநாட்டவர் களத்தில் இருக்கலாம். அவர்களை எங்கே வைப்பார்கள்? டிஃபென்சின் நடுவில், நடுக்களத்தில், முன்னால் கோல் போடுகிற இடத்தில். இந்தியப் பையன்களுக்கு மிஞ்சுவது இரண்டு ஓரங்களும் கோல்கீப்பர் இடமும். ஜீக்சனைப் போல நடுக்களத்தில் ஆடுகிறவனுக்குக் கதவு கிட்டத்தட்ட சாத்தியே இருந்தது.

அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு இதற்கு ஒரு வழி செய்தது. இந்தியன் ஆரோஸ் என்ற அணியை மறுபடி உயிர்ப்பித்தது. 2010-இல் தொடங்கி, 2013-இல் மூடிய அணி அது. முழுக்க இந்தியப் பையன்கள். வெளிநாட்டவர் ஒருவரும் கிடையாது. ஐ-லீக் என்ற இன்னொரு தேசிய லீகில் பெரியவர்களோடு மோத வேண்டும். கடைசி இடத்துக்கு வந்தாலும் கீழே இறக்கமாட்டார்கள். மினர்வாவிலிருந்து கடனாக ஜீக்சன் அங்கே போனார். கடன் என்றால், சொந்த கிளப் ஒப்பந்தத்தை விட்டுவிடாமல், ஒரு சீசனுக்கு வேறு அணியில் ஆட அனுப்புவது. பெஞ்சில் உட்கார்ந்து துருப்பிடிப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

2017 நவம்பர் 29-ஆம் தேதி கோவாவில் ஆரோசின் முதல் ஆட்டம், நம்ம சென்னை சிட்டி அணியோடு. பையன்கள் 3-0 என்று ஜெயித்தார்கள். சென்னைக்காரர்களுக்கு அது மானம் போன சமாச்சாரம். அடுத்த சீசனில் அதே சென்னை சிட்டி ஐ-லீக் சாம்பியன் ஆகி, பட்ட அவமானத்தை வட்டியோடு தீர்த்துக்கொண்டது வேறு கதை. ஆரோஸ் அந்த முதல் சீசனில் கடைசி இடத்தில்தான் முடித்தது. அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை, கவலைப்படவும் தேவையில்லை. முப்பது வயது ஆட்டக்காரர் ஒருவர் முழங்கையை எங்கே வைப்பார், ரெஃபரி பார்க்காத நேரத்தில் சட்டையை எப்படிப் பிடிப்பார், முன்னிலையில் இருக்கும்போது த்ரோ போட எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வார் என்பதையெல்லாம் அகாடமியில் சொல்லித்தரமாட்டார்கள். அடி வாங்கித்தான் கற்க வேண்டும்.

2018-இல் ஐஎஸ்எல் கிளப்பான கேரளா பிளாஸ்டர்ஸ் ஜீக்சனை வாங்கியது. வாங்கிய உடனே முதன்மை அணியில் போடவில்லை. மறுபடியும் ஆரோசுக்கே கடனாக அனுப்பியது. ஆக, உலகக் கோப்பையில் கோல் போட்ட பையன் முழுசாக இரண்டு சீசன் ஐ-லீகில் இருந்தார். பத்திரிகைகள் மறந்துவிட்டன. என்னைக் கேட்டால் அவருக்குக் கிடைத்த பெரிய நன்மை அந்த மறதிதான். 2019 அக்டோபரில் கொச்சியில் ஏடிகே அணிக்கு எதிராகத் தன் முதல் ஐஎஸ்எல் ஆட்டம் ஆடினார். கேரளா 2-1 என்று வென்றது. அதற்கடுத்த சீசன் கொரோனா காரணமாக முழுக்க கோவாவில், ஆளில்லாத ஸ்டேடியங்களில் நடந்தது. 2020 டிசம்பர் 20-ஆம் தேதி ஈஸ்ட் பெங்காலிடம் 1-0 என்று தோற்றுக்கொண்டிருந்த கேரளாவுக்கு, கூடுதல் நேரமும் முடியப்போகிற 95-வது நிமிடத்தில் சமன் கோல் போட்டது ஜீக்சன். இதுவும் ஹெட்டர்தான். அவருடைய முதல் ஐஎஸ்எல் கோல். டில்லியில் நாற்பதாயிரம் பேர் எழுந்து நின்றார்கள். இங்கே பெஞ்சில் இருந்தவர்கள் கத்தியது மட்டும் டிவியில் கேட்டது.

2021 மார்ச் 25-இல் துபாயில் ஓமானோடு நடந்த 1-1 ஆட்டத்தில் மூத்த இந்திய அணிக்கு முதல்முறையாக ஆடினார். அன்று ஒரே ஆட்டத்தில் பத்துப் பேர் அறிமுகம் ஆனார்கள். அவரோடு உலகக் கோப்பையில் ஆடிய சுரேஷ் வாங்ஜமும் அதில் ஒருவர்.

அவருடைய ஆட்டம் முற்றியது 2021-22 சீசனில்தான் என்பது என் கணக்கு. வெளிநாட்டவர் எண்ணிக்கையை அந்த வருடம் நான்காகக் குறைத்தார்கள். கேரளாவுக்கு வந்த செர்பியக் கோச் இவான் வுகோமனோவிச், நடுக்களத்தின் அடியில் இரண்டு இந்தியர்களையே ஜோடியாக வைத்தார்: மிசோரத்தின் புய்டியா, மணிப்பூரின் ஜீக்சன். ஒருவர் முன்னேறினால் மற்றவர் நிற்பார். ஒருவர் விட்ட ஓட்டையை மற்றவர் அடைப்பார். அந்த சீசனில் தொடர்ந்து பத்து ஆட்டங்கள் கேரளா தோற்கவில்லை. முன்னால் கோல் போட்டவர்களைப் பற்றித்தான் எல்லோரும் எழுதினார்கள். ஹாஃப் ஆடியவன் என்ற முறையில் எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல்.

2022 மார்ச் 20-இல் ஹைதராபாத்தோடு ஃபைனல். ராகுல் கோல் போட்டார். டில்லியில் போஸ்டில் அடித்த அதே ராகுல். ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் ஹைதராபாத் சமன் செய்து, பெனால்டி வரைக்கும் போனது. ஹைதராபாத் கீப்பர் கட்டிமணி மூன்று உதைகளைத் தடுத்தார். அதில் ஒன்று ஜீக்சனுடையது. கோப்பை போயிற்று.

அந்த இரவு கேரளாவின் கோல்போஸ்ட்டில் நின்றவர் பிரப்சுகன் கில். 2017 உலகக் கோப்பை அணியில் மாற்று கீப்பராக இருந்து, ஒரு நிமிடம்கூட ஆடாதவர். அந்த ஐஎஸ்எல் சீசனின் சிறந்த கீப்பருக்கான தங்கக் கையுறை அவருக்குத்தான் கிடைத்தது. கேப்டன் அமர்ஜித்தோ எல்லோருக்கும் முன்னால், 2019-லேயே தாய்லாந்தில் மூத்த அணிக்கு ஆடிவிட்டு, பிறகு காயங்களால் பின்தங்கினார். பிரேசில் பையன்களுக்கு எதிராக கோல் போட்டு நாடே கொண்டாடிய, அதே உலகக் கோப்பை அணியின் சிக்கிம்காரர் கோமல் தட்டாலுக்கு அதே உயரத்தில் நிலைக்க முடியவில்லை. டிஃபென்சின் நடுவில் நின்ற அன்வர் அலிக்கு 2019-இல் இதயத்தில் கோளாறு கண்டுபிடித்தார்கள். ஆடக்கூடாது என்றார்கள். அவர் டில்லி உயர் நீதிமன்றம் வரை போய்ப் போராடி, மறுபடி களமிறங்கி, 2022-இல் இந்திய அணிக்கே ஆடினார். பதினேழு வயதில் யார் நிற்பார், யார் விழுவார் என்று சொல்ல எந்த நிபுணராலும் முடியாது. அன்று என்னிடம் பந்தயம் கட்டச் சொல்லியிருந்தால் கோமல் மேல்தான் கட்டியிருப்பேன்.

2023 ஜூலை 4-இல் ஜீக்சனை எங்கள் ஊரிலேயே பார்த்தோம். கண்டீரவா ஸ்டேடியத்தில் குவைத்தை பெனால்டியில் வென்று இந்தியா தெற்காசிய நாடுகளுக்கான சாஃப் கோப்பையை எடுத்தது. பதக்கம் வாங்கும்போது அவர் தோளில் ஏழு வண்ணத்தில் மெய்தி மக்களின் கொடி இருந்தது. இனக் கலவரத்தில் மணிப்பூர் பற்றியெரிந்துகொண்டிருந்த மாதங்கள் அவை. தேசிய அணிச் சட்டையோடு இது தகுமா என்று பலர் கண்டித்தார்கள். யாரையும் புண்படுத்த நினைக்கவில்லை, ஊர் நிலைமையைச் சொல்லவும் அமைதி வேண்டியும்தான் அப்படிச் செய்தேன் என்று அவர் விளக்கினார். அதே மணிப்பூரின் மற்றொரு சமூகத்துக்கு அந்தக் கொடி என்ன உணர்த்தியிருக்கும் என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் வீடு இருக்கிற மாவட்டத்திலிருந்து தினம் கெட்ட செய்தி வருகிற இருபத்திரண்டு வயதுப் பையனைத் தேசத்துரோகி என்று வைதவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

2024-இல் ஜீக்சன் ஈஸ்ட் பெங்காலுக்குப் பெரும் தொகைக்குப் போனார். கில் அங்கே முன்பே இருந்தார். அதே வருடம் அன்வர் அலியும் வந்து சேர்ந்தார். டில்லியில் ஒரே முகாமில் இருந்த மூன்று பேர் ஏழு வருடம் கழித்து ஒரே கிளப் சட்டையில்.

இவர்களை வளர்த்துவிட்ட ஆரோஸ் அணியை 2022-இல் மூடிவிட்டார்கள். அதே வருடம் ரிலையன்ஸ் அறக்கட்டளை, கிளப்புகளின் இளையோர் அணிகளுக்காக ஒரு லீக் தொடங்கியது. நல்லதுதான். நிறைய பையன்கள், நிறைய ஆட்டங்கள். ஆனால் அங்கே பையன்கள் பையன்களோடுதான் மோதுகிறார்கள்; சட்டையைப் பிடித்து இழுக்கிற முப்பது வயதுக்காரர் அங்கே இல்லை. அந்த வகையில் எங்கள் பெங்களூரு சூப்பர் டிவிஷன் பரவாயில்லை. பெங்களூரு எஃப்சியின் இளையோர் அணி அதில் கம்பெனி அணிகளோடும் பழைய கிளப்புகளோடும் ஆடியிருக்கிறது. மேட்ச் நடப்பது மெக்ராத் ரோடு பக்கத்துக் கால்பந்து ஸ்டேடியத்தில், பெரும்பாலும் வேலை நாள் மத்தியானங்களில். கேலரியில் இடம் தாராளம். டிஃபென்சுக்கு முன்னால் நிற்கிற பையனைக் கவனியுங்கள். அவன் பேர் தெரியவில்லை என்றால் பக்கத்தில் யாரையாவது கேளுங்கள். என்னைப் போன்ற ரிட்டையர்டு ஹாஃப் யாராவது அங்கே உட்கார்ந்திருப்பார்.