அத்தையின் கேசட்

பாலிக் புலாவ் மாமா ஒரு பழைய கேசட்டை நீட்டினார். காலஞ்சென்ற அத்தை கோயில் திருவிழாவில் பாடியது. "இரைச்சலை மட்டும் எடுத்துக் குடும்மா."

வானொலியில் 'திருட்டுப் பிரதி வேண்டாம்' என்பேன். என் வீட்டுக் கணினியில் இருந்ததோ பூட்டு உடைத்த மென்பொருள். வெட்கமாகத்தான் இருந்தது. அதை நீக்கிவிட்டு, 2000இல் வெளிவந்த 'ஆடாசிட்டி'யை இறக்கினேன். இலவசம். ஆனால் உரிமையாளர் இல்லாத பொருளல்ல. ஜிபிஎல் உரிமத்தின்படி யாரும் நகலெடுக்கலாம், திருத்தலாம். திருத்தியதை வெளியிட்டால் மூல நிரலையும் தரவேண்டும். அந்த நிபந்தனைக்கே பலம் காப்புரிமைச் சட்டம்தான்.

பாட்டில்லாத இரண்டு விநாடி இரைச்சலை மாதிரியாகக் காட்டினால், மற்ற இடங்களிலும் அதைக் குறைத்துவிடும். அளவு மீறினால் குரல் தகரமாகிவிடும். கொஞ்சம் இரைச்சலை விட்டுவைத்தேன்.

மாமா கண்கலங்கக் கேட்டார். "யூடியூப்ல போட்டுடு."

சிக்கல் அங்கேதான். வரிகள் கண்ணதாசனுடையவை, மறைந்தது 1981. மலேசியச் சட்டத்தில் ஆயுளுக்குப் பின் 50 ஆண்டு, அதாவது 2031 முடியும்வரை. இந்தியாவில் 60. இசை எம்.எஸ்.விஸ்வநாதன், மறைவு 2015. இங்கேயே 2065 ஆகிவிடும். அனுமதி வாங்காமல் ஏற்ற முடியாது என்றேன்.

மாமா விரல்விட்டு எண்ணினார். "பேரன்கிட்ட சொல்லி வைக்கிறேன். இப்ப பென்டிரைவைக் குடு."