பங்கு பிரிந்தால் பணம் பெருகுமா?

கடை லாபத்தில் மிஞ்சியதை நிலத்திலும் நகையிலும் போட்டு வந்த வணிகர்கள் பலர், இப்போது பங்குகளிலும் முதலீடு செய்கிறார்கள். ஓய்வூதியம் இல்லாத நமக்கு, முதுமைக்கென்று ஒதுக்கும் பணம் மிக முக்கியமானது. ஆகவே, ‘பங்குப் பிரிப்பு’ என்ற அறிவிப்பு வந்ததும் வாங்க ஓடுவதும், விலை இறங்கிவிட்டதாகப் பதறி விற்பதும் நம்மவர்களுக்கு நஷ்டத்தையே தரும். நீண்ட காலத்திற்கென்று பலரும் வாங்கும் காப்பீட்டு நிறுவனப் பங்குகளைக் கொண்டே இதனை விளக்குவோம்.

பிரிப்பு என்பது என்ன?

நூறு ரூபாய் நோட்டைக் கொடுத்துப் பத்துப் பத்து ரூபாய் நோட்டுகள் வாங்குவது போன்றதே பங்குப் பிரிப்பு. கல்லாவில் நோட்டின் எண்ணிக்கை கூடும், தொகை கூடாது. அரிசி மூட்டையைப் பிரித்துக் கிலோ கணக்கில் விற்றால் நமக்குச் சில்லறை லாபம் உண்டு. பங்கில் அதுவும் கிடையாது. முகமதிப்பு எத்தனை பங்காகக் குறைகிறதோ, அதே அளவில் சந்தை விலையும் குறைந்துவிடும்.

ஆயுள் காப்பீடு, பொதுக் காப்பீடு ஆகிய இரண்டிலும் துணை நிறுவனங்களைக் கொண்ட பஜாஜ் ஃபின்சர்வ், 2022 செப்டம்பரில் 5 ரூபாய் முகமதிப்புள்ள ஒரு பங்கை 1 ரூபாய்ப் பங்குகள் ஐந்தாகப் பிரித்தது. கூடவே ஒன்றுக்கு ஒன்று போனஸும் வழங்கியது. ஒரு பங்கு வைத்திருந்தவர் கையில் பத்துப் பங்குகள் இருந்தன. விலையோ பத்தில் ஒரு பங்காயிற்று. விவரம் அறியாதவருக்கு ஒரே இரவில் பெரும் சரிவு நேர்ந்ததுபோல் தோன்றும். உண்மையில் அவரது முதலீட்டின் மதிப்பு பிரிப்பினால் மாறவில்லை.

நீண்டகாலப் பங்குதாரர் கண்டது

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 1955இல் தொடங்கப்பட்ட அஃப்லாக் நிறுவனம் நல்ல உதாரணம். புற்றுநோய்க் காப்பீட்டில் பெயர் பெற்ற இந்நிறுவனம் 1974இல் ஜப்பானிலும் வணிகத்தைத் தொடங்கி வளர்ந்தது. இதன் பங்கு 1996இல் இரண்டுக்கு மூன்றாகவும், 1998, 2001, 2018 ஆகிய ஆண்டுகளில் ஒன்றுக்கு இரண்டாகவும் பிரிக்கப்பட்டது. 1996 தொடக்கத்தில் 100 பங்குகள் வைத்திருந்து, விற்காமல் இருந்தவரிடம் முதலில் 150, பிறகு 300, 600, கடைசியில் 1,200 பங்குகள் சேர்ந்தன.

ஆனால் அவரை வளர்த்தது பிரிப்பு அல்ல. 2018 பிரிப்புக்கு முன் காலாண்டு ஈவுத்தொகை பங்குக்கு 52 சென்ட். பிரிப்புக்குப் பின் 26 சென்ட். நூறு பங்குக்கு 52 டாலர் பெற்றவர், இருநூறு பங்குக்கும் அதே 52 டாலர்தான் பெற்றார். 2001க்கும் 2018க்கும் இடையில் ஒரு பிரிப்பும் இல்லை. எனினும் ஈவுத்தொகை ஆண்டுதோறும் உயர்ந்தது. பிரீமிய வருமானமும் முதலீட்டு வருமானமும் பெருகியதே அதற்குக் காரணம்.

பலமுறை பிரிந்த பங்கு விழாது என்பதும் இல்லை. 2008இல் 60 டாலருக்கு மேல் விற்ற இதே பங்கு, ஐரோப்பிய வங்கிப் பத்திரங்களில் போட்ட பணம் பற்றிய அச்சத்தால் 2009 தொடக்கத்தில் 12 டாலருக்கும் கீழே போயிற்று.

பிரிக்காமலே வளர்ந்த நிறுவனமும் உண்டு. காப்பீட்டை அடித்தளமாகக் கொண்டு வாரன் பஃபெட் வளர்த்த பெர்க்‌ஷயர் ஹாத்வே, தனது ‘ஏ’ வகைப் பங்கைப் பிரித்ததே இல்லை. 2010 தொடக்கத்தில் அதன் விலை ஏறத்தாழ ஒரு லட்சம் டாலர். அவ்வாண்டு ஒரு ரயில்வே நிறுவனத்தை வாங்கியபோது, அதன் சிறு பங்குதாரர்களுக்கும் பங்கு கொடுக்க வசதியாக ‘பி’ வகைப் பங்கை மட்டும் ஒன்றுக்கு ஐம்பதாகப் பிரித்தார்கள். பிரிப்பின் உண்மையான பயன் இதுதான்: சிறு தொகை உள்ளவரும் வாங்கலாம், தேவைப்படும்போது கொஞ்சமாக விற்கவும் முடியும்.

வரிக்கணக்கில் கவனம்

பிரிப்பும் போனஸும் வரிக்கணக்கில் ஒன்றல்ல. பிரிந்த பங்குகளுக்குப் பழைய கொள்முதல் விலையைப் பங்கிட்டுக் கொள்ள வேண்டும். வாங்கிய தேதியும் பழைய தேதியே. போனஸ் பங்குக்கு அடக்க விலை பூஜ்யம். அது ஒதுக்கப்பட்ட நாளிலிருந்தே காலம் கணக்கிடப்படும். மேற்சொன்ன பஜாஜ் ஃபின்சர்வ் பங்கை ஒருவர் 2021இல் 10,000 ரூபாய்க்கு வாங்கியிருந்தால், பிரிந்த ஐந்து பங்குகளுக்கு அடக்கம் தலா 2,000 ரூபாய். மற்ற ஐந்துக்கு ஒன்றுமில்லை. பத்துக்கும் தலா 1,000 என்று எழுதுவது தவறு. எனவே பழைய கொள்முதல் சீட்டுகளைப் பத்திரமாக வைத்திருங்கள்.

காகிதச் சான்றிதழாகப் பங்கு வைத்திருப்போர் டிமேட் கணக்குக்கு மாற்றிக்கொள்வது நல்லது. முகவரி மாறியும் தெரிவிக்காமல், ஏழு ஆண்டுகள் தொடர்ந்து ஈவுத்தொகை பெறப்படாவிட்டால், அந்தப் பங்குகளும் அரசின் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்கு மாற்றப்பட்டுவிடும். வாரிசு நியமனத்தையும் மறக்க வேண்டாம்.

எதைப் பார்த்து வாங்குவது?

பிரிப்பினால் நிறுவனத்தின் பெட்டியில் ஒரு பைசாவும் கூடுவதில்லை. இழப்பீடு கொடுக்கும் சக்தியும் மாறுவதில்லை. பாலிசிதாரருக்குக் கிடைக்கும் போனஸுக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆகவே காப்பீட்டுப் பங்கு வாங்குமுன், பொதுக் காப்பீடானால் வசூலான பிரீமியத்தில் இழப்பீட்டுக்கும் செலவுக்கும் போனது எவ்வளவு என்றும், ஆயுள் காப்பீடானால் பாலிசிதாரர்கள் தொடர்ந்து பணம் கட்டுகிறார்களா என்றும் பாருங்கள். கடன் தீர்க்கும் திறன் விகிதம் குறைந்தது 1.5 இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி. அதற்கு மேல் எவ்வளவு இருக்கிறது என்பதையும் ஆண்டறிக்கையில் காணலாம்.

சரக்கு எடுக்கும்போது சாக்கின் எண்ணிக்கையைப் பார்த்தா பணம் கொடுக்கிறோம்? எடையையும் தரத்தையும் பார்த்துத்தானே! பங்கு வாங்கும்போதும் அதே விழிப்பு வேண்டும்.